பள்ளிக்கு இணைய மானியம்: இ-ரேட் விண்ணப்பத்தில் முதன்முறை இறங்குபவர்களுக்கு

அமெரிக்காவில் பள்ளிகளின் இணையக் கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம் வரை திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது. இ-ரேட் என்று பெயர். 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் பிறந்து, 1998 முதல் பணம் கொடுத்துவரும் திட்டம். பணம் பொது வரியிலிருந்து வருவதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒரு பொது நிதிக்குப் பங்கு கட்டுகின்றன. அதை நம் தொலைபேசி பில்லிலேயே ஒரு தனிக் கட்டணமாகச் சேர்த்து வசூலித்துக்கொள்கின்றன. இந்த ஏற்பாடு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஜூனில் 6-க்கு 3 என்ற கணக்கில் செல்லும் என்று தீர்ப்பானது. ஆகவே இப்போதைக்கு நம்பி இறங்கலாம்.

விதிகளை வகுப்பது எஃப்சிசி என்கிற மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம். விண்ணப்பம் வாங்குவது, சரிபார்ப்பது, பணம் அனுப்புவது எல்லாம் யுசாக் என்ற லாப நோக்கற்ற நிறுவனம். நீங்கள் பேச வேண்டியிருப்பது பெரும்பாலும் யுசாக்கிடம்தான்.

ஒரு சிறிய பள்ளியில் அலுவலக வேலையோ கணினி வேலையோ பார்க்கிறீர்கள், "இ-ரேட்டையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தலையில் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கான உச்சவரம்பு 500 கோடி டாலரைத் தொட்டுவிட்டது, கேட்பு அதைவிடக் குறைவாகவே இருக்கிறது. அதனால் நிதி தீர்ந்துபோய் உங்கள் பள்ளிக்குக் கிடைக்காமல் போகும் என்ற பயம் வேண்டாம். பள்ளிகள் பணத்தை இழப்பது இரண்டே காரணங்களால்: தேதியைத் தவறவிடுவது, ஏலத்தை (பல நிறுவனங்களிடம் விலை கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை) ஒழுங்காக நடத்தாமல் விடுவது. கீழே எங்கெங்கே நிதானித்து எழுதியிருக்கிறேனோ, அங்கெல்லாம் இந்த இரண்டில் ஒன்று ஒளிந்திருக்கிறது.

யாருக்குக் கிடைக்கும்

மாநிலச் சட்டப்படி தொடக்க அல்லது இடைநிலைக் கல்வி தரும், லாப நோக்கற்ற பள்ளியாக இருக்க வேண்டும். அரசுப் பள்ளி, அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளி, தனியார் பள்ளி, மதம் சார்ந்த பள்ளி எல்லாம் வரலாம். அறக்கட்டளை நிதி 5 கோடி டாலருக்கு மேல் வைத்திருக்கும் பள்ளிகளுக்குக் கிடையாது. பொது நூலகங்களுக்கும் உண்டு. அவற்றின் கணக்கு கொஞ்சம் வேறு என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

நம்மவர்கள் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கு வருமா என்று கேட்பவர்கள் உண்டு. வராது. அவை மாநிலம் ஏற்கும் முழுநேரப் பள்ளி என்ற வரையறைக்குள் வருவதில்லை. வகுப்பு நடக்கும் கட்டடத்தின் சொந்தக்காரப் பள்ளி இ-ரேட் வாங்கலாம். அது வேறு விஷயம்.

எதற்குக் கிடைக்கும்

இரண்டு வகை. வகை ஒன்று, பள்ளியின் வாசல் வரை வரும் இணைப்பு: இணையச் சேவை, கட்டடங்களுக்கு இடையே தரவு போகும் ஃபைபர் வாடகை போன்றவை. வகை இரண்டு, வாசலுக்கு உள்ளே இருப்பவை: வைஃபை அக்சஸ் பாயிண்ட், ஸ்விட்ச், ரவுட்டர், கேபிள், ரேக், மின்சாரம் போனால் இவற்றைத் தாங்கும் யுபிஎஸ், அடிப்படை ஃபயர்வால், இவற்றின் பராமரிப்பு. உள் வலையமைப்பு முழுவதையும் ஒரு நிறுவனத்திடம் நிர்வகிக்கக் கொடுத்தால் அந்தக் கட்டணமும் இதில் சேரும்.

மடிக்கணினி, டேப்லெட், தொலைபேசிச் சேவை, கற்பித்தல் மென்பொருள் எதற்கும் கிடையாது. இணைய வடிகட்டிக்கும் கிடையாது. வடிகட்டி போடாவிட்டால் மானியம் கிடையாது, ஆனால் வடிகட்டிக்கு மானியம் கிடையாது. யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான், விதி அப்படி. பள்ளிப் பேருந்து வைஃபைக்கும், மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகும் ஹாட்ஸ்பாட்டுக்கும் சிறிது காலம் இடம் கொடுத்திருந்தார்கள். 2025 செப்டம்பரில் எஃப்சிசி இரண்டையும் எடுத்துவிட்டது. பழைய வழிகாட்டிகளில் அவற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

எவ்வளவு கிடைக்கும்

தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் இலவசமாகவோ குறைந்த விலையிலோ சாப்பாடு பெறத் தகுதியுள்ள மாணவர்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் அளவுகோல். சாப்பிட்டார்களா என்பது முக்கியமில்லை, தகுதி இருந்தால் போதும். 75 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 90 சதவீதத் தள்ளுபடி. 50 முதல் 74 வரை என்றால் 80. அதற்குக் கீழே நகரப்புறப் பள்ளிக்கு ஒரு அளவு, கிராமப்புறப் பள்ளிக்குக் கொஞ்சம் கூடுதல்: 35 முதல் 49 வரை 60-ம் 70-ம், 20 முதல் 34 வரை 50-ம் 60-ம், 1 முதல் 19 வரை 40-ம் 50-ம். ஒரு சதவீதம்கூட இல்லாவிட்டாலும் 20-ம் 25-ம் உண்டு. வகை இரண்டுக்கு உச்சம் 90 அல்ல, 85.

உதாரணத்துக்கு 400 மாணவர்களில் 230 பேர் தகுதியுள்ளவர்கள் என்றால் 57.5 சதவீதம், தள்ளுபடி 80. மாதம் 1,000 டாலர் இணையக் கட்டணம் என்றால் ஆண்டுக்கு 12,000. அதில் 9,600 திட்டம் கொடுக்கும், 2,400 பள்ளி கட்டும். ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள பள்ளி மாவட்டத்தில் பல பள்ளிகள் இருந்தால் எல்லாவற்றையும் கூட்டி ஒரே சதவீதம்தான், பள்ளிக்குப் பள்ளி மாறாது.

எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச உணவு தரும் சமூகத் தகுதி ஏற்பாட்டில் உள்ள பள்ளிகள் வீட்டுக்கு வீடு படிவம் வாங்குவதில்லை. அவர்கள், வேறு அரசு உதவித் திட்டங்களின் பதிவு மூலம் படிவம் இல்லாமலே நேரடியாகச் சான்றளிக்கப்பட்ட மாணவர் சதவீதத்தை 1.6-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 50 சதவீதம் என்றால் 80 ஆகிவிடும், மேல் படிக்குப் போய்விடுவீர்கள். இந்தப் பெருக்கலை மறந்துவிட்டுக் குறைவாகக் கேட்டால் நட்டம் பள்ளிக்குத்தான்.

வகை ஒன்றுக்குச் செலவு வரம்பு இல்லை. வகை இரண்டுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு பட்ஜெட். 2026 முதல் 2030 வரையான சுற்றில் மாணவர் ஒருவருக்கு 201.57 டாலர், சிறிய பள்ளிக்குக் குறைந்தபட்சம் 30,175 டாலர். இது தள்ளுபடிக்கு முந்தைய தொகை என்பதைக் கவனிக்கவும். 300 மாணவர் பள்ளிக்கு 60,471 டாலர் வரும். 85 சதவீதத் தள்ளுபடி என்றால் கிடைப்பது 51,400 டாலர் சொச்சம், மீதி பள்ளியின் பங்கு. முழுவதையும் ஒரே ஆண்டில் எடுக்கலாம், பிரித்தும் எடுக்கலாம். என்னைக் கேட்டால், சுற்றின் ஆரம்பத்தில் ஸ்விட்சும் கேபிளும், இரண்டு மூன்று ஆண்டு கழித்து அக்சஸ் பாயிண்ட் என்று பிரிப்பது நல்லது. வைஃபைத் தரம் மாறும் வேகத்தில் கேபிள் மாறுவதில்லை.

ஆண்டுக் கணக்கு

நிதியாண்டு ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. 2027 நிதியாண்டு என்றால் 2027 ஜூலை 1-இல் தொடங்கும் ஆண்டு. அதற்கான ஏல அறிவிப்பை 2026 ஜூலை முதலே வெளியிடலாம். விண்ணப்பச் சாளரம் வழக்கமாக ஜனவரி நடுவில் திறந்து மார்ச் இறுதிவாக்கில் மூடும். அதாவது ஒரு சேவை வேண்டும் என்றால் ஓராண்டுக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். மார்ச் மாதம் விழித்துக்கொண்டால் அந்த ஆண்டு போனதுதான்.

முதல் படி: கணக்கு திறப்பது

யுசாக்கின் இணையவாசலில் இபிசி என்ற பகுதி இருக்கிறது. எல்லாம் அதற்குள்தான். உங்கள் பள்ளிக்கு முன்பே கணக்கு இருக்கிறதா என்று யுசாக் உதவி மையத்தைக் கேளுங்கள். பல நேரம் இருக்கும். வேலையை விட்டுப் போனவர் பெயரில், அவருடைய பழைய மின்னஞ்சலோடு. அதை உங்கள் பெயருக்கு மாற்றுவதுதான் முதல் வேலை, ஏனென்றால் இனி வரும் எச்சரிக்கைகள் எல்லாம் அங்கேதான் போகும். பள்ளிக்கென்று ஒரு அடையாள எண் தருவார்கள், பென் என்பார்கள். எஃப்சிசியிடம் தனியாக ஒரு பதிவு எண்ணும் வாங்க வேண்டும். அதற்குச் சுருக்கப் பெயர் எஃப்ஆர்என். பின்னால் விண்ணப்பத்தில் ஒவ்வொரு நிதிக் கோரிக்கைக்கும் ஒரு எண் வரும், அதற்கும் எஃப்ஆர்என் என்றுதான் பெயர். யாராவது எஃப்ஆர்என் கேட்டால் எது என்று திருப்பிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

சாளரம் திறக்கும் முன் மாணவர் எண்ணிக்கையையும் மதிய உணவுத் தகுதி எண்ணிக்கையையும் இபிசியில் புதுப்பித்துவிடுங்கள். சாளரம் திறக்கும்போது அந்தப் பகுதியைப் பூட்டிவிடுவார்கள்.

இரண்டாம் படி: படிவம் 470, ஏலம்

திட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று 470-இல் எழுதி வெளியிட வேண்டும். நாட்டில் எந்த நிறுவனமும் அதைப் பார்த்து விலை அனுப்பலாம். வெளியிட்ட பின் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். 29-ஆம் நாளுக்கு முன் யாரையும் தேர்ந்தெடுக்கவோ கையெழுத்துப் போடவோ கூடாது. ஒரே ஒரு விலைதான் வந்திருக்கிறது, அதுவும் இப்போது இருப்பவரே அனுப்பியது என்றாலும் 28 நாள் 28 நாள்தான்.

சேவை வகையைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். 470-இல் கேட்காத ஒன்றைப் பின்னால் நிதி கேட்கும் படிவமான 471-இல் கேட்டால் மறுத்துவிடுவார்கள். கருவிக்குக் கேட்டுவிட்டுப் பராமரிப்பை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். வேகத்தை ஒரே எண்ணாகக் கொடுக்காமல் ஒரு வரம்பாகக் கொடுங்கள். இன்று 500 எம்பிபிஎஸ் போதும் என்றாலும் மேல் வரம்பை 2 ஜிபிபிஎஸ் என்று வைத்தால் நடுவில் வேகத்தைக் கூட்டிக்கொள்ள இடம் இருக்கும். ஒரு குறிப்பிட்ட பிராண்டு பெயரைச் சொன்னால் "அல்லது அதற்கு இணையானது" என்று கட்டாயம் சேர்க்க வேண்டும். தனி விவரக் குறிப்பு ஆவணம் வைத்திருந்தால் அதையும் இபிசியிலேயே ஏற்ற வேண்டும். கேட்டவருக்கு மட்டும் அனுப்புவது கூடாது. நடுவில் தேவையைப் பெரிதாக மாற்றினால் 28 நாள் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

இன்னொரு யோசனை. பல ஆண்டு ஒப்பந்தமும் நீட்டிப்பு வாய்ப்பும் வேண்டும் என்று 470-இலேயே எழுதிவிடுங்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தமும் அதற்கு மேல் இரண்டு ஓராண்டு நீட்டிப்பும் போட்டால், ஐந்து ஆண்டுக்கு ஏலம் திரும்ப நடத்த வேண்டாம். ஆண்டுதோறும் 471 மட்டும் போட்டால் போதும்.

சிறிய பள்ளிகளுக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. கடையில் எல்லோருக்கும் கிடைக்கும் வணிக இணைய இணைப்பு, ஆண்டுக்கு 3,600 டாலருக்குள், இறங்கு வேகம் குறைந்தது 100 எம்பிபிஎஸ், ஏறு வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் அதற்கு 470 தேவையில்லை.

விலைகள் வந்தபின் ஒரு மதிப்பெண் அட்டவணை போடுங்கள். மானியத்துக்குத் தகுதியுள்ள பொருள்களின் விலைக்குத்தான் மற்ற எல்லாக் காரணிகளையும்விட அதிக மதிப்பெண் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் வேண்டும் என்பதில்லை. விலைக்கு 30, அனுபவத்துக்கு 25, சேவைத் தரத்துக்கு 25, உள்ளூர் ஆதரவுக்கு 20 என்றாலும் சரிதான். ஆனால் விலைக்கு 30, அனுபவத்துக்கும் 30 என்றால் தவறு. ஒரே ஒருவர்தான் வந்தார் என்றால் அவர் விலை நியாயமானதுதான் என்று ஒரு குறிப்பு எழுதித் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். பிற்பாடு கேட்பார்கள்.

விற்பனைக்காரர்கள் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். "470-ஐ நாங்களே நிரப்பித் தருகிறோம்" என்று ஒரு நிறுவனம் வந்தால், அது விலை அனுப்பப் போகும் நிறுவனம் என்றால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். ஏலத்தில் நிற்பவர் ஏலத்தை எழுதக் கூடாது. "உங்கள் பங்கான 20 சதவீதத்தைக் கட்ட வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது அதைவிட மோசம். பள்ளி தன் பங்கைத் தன் பணத்தில் கட்டியே ஆக வேண்டும், கட்டியதற்கு ஆதாரமும் வைத்திருக்க வேண்டும். சாப்பாடு, பரிசு எல்லாவற்றுக்கும் ஒரு தடவைக்கு 20 டாலர், ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு மொத்தம் 50 டாலர் என்பதுதான் எல்லை. எதற்கு வம்பு, காபியைக்கூட வேண்டாம் என்பதே என் கட்சி.

ஆலோசகர் வைத்துக்கொள்ளலாம். அவர் எந்த விற்பனை நிறுவனத்தோடும் தொடர்பில்லாதவராக இருக்க வேண்டும், அவருடைய கட்டணத்துக்கு மானியம் கிடையாது. ஒரே ஒரு இணைய இணைப்பு மட்டும் வைத்திருக்கும் பள்ளிக்கு ஆலோசகர் தேவையில்லை என்று நினைக்கிறேன். யுசாக் நடத்தும் இலவசப் பயிற்சிகளே போதும். பல கட்டடங்களுக்கு ஃபைபர் இழுக்கும் திட்டம் என்றால் கதை வேறு.

மூன்றாம் படி: படிவம் 471

தேர்ந்தெடுத்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் முடித்த பிறகுதான் 471-ஐச் சமர்ப்பிக்க வேண்டும். யாரிடம், என்ன, எவ்வளவுக்கு என்பதை வரி வரியாக எழுதும் படிவம் இது. வகை ஒன்றையும் வகை இரண்டையும் தனித்தனி விண்ணப்பங்களாகப் போட வேண்டும். மானியத்துக்குத் தகுதியில்லாத பகுதி ஏதாவது விலைக்குள் கலந்திருந்தால் அதைப் பிரித்துக் கழித்துவிடுங்கள். கடைசி நாள் இரவு வரை வைத்துக்கொள்ள வேண்டாம்.

நான்காம் படி: சரிபார்ப்பு

சமர்ப்பித்த பின் யுசாக்கின் பரிசீலகர் கேள்வி அனுப்புவார். உணவுத் தகுதி எண்ணுக்கு ஆதாரம், ஒப்பந்தத்தின் நகல், ஏல மதிப்பெண் அட்டவணை என்று எதுவும் கேட்கலாம். பதில் சொல்ல 15 நாள். போதாவிட்டால் கூடுதல் நாள் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். பதிலே சொல்லாமல் இருந்தால் கையில் இருப்பதை வைத்து முடிவெடுத்துவிடுவார்கள், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. கேள்வி கோடை விடுமுறையில் வந்துவிட்டால் சிக்கல்தான். அந்த மின்னஞ்சலை யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

எல்லாம் சரியென்றால் நிதி ஒதுக்கீட்டு முடிவுக் கடிதம் வரும். குறைத்திருந்தாலோ மறுத்திருந்தாலோ 60 நாளுக்குள் யுசாக்கிடம் முறையீடு செய்யலாம். அங்கேயும் நடக்கவில்லை என்றால் அடுத்த 60 நாளுக்குள் எஃப்சிசியிடம் போகலாம். விதியிலிருந்தே விலக்கு வேண்டும் என்றால் யுசாக்கிடம் கேட்டுப் பயனில்லை, அந்த அதிகாரம் எஃப்சிசிக்கு மட்டும்தான்.

ஐந்தாம் படி: படிவம் 486, குழந்தைப் பாதுகாப்பு

சேவை தொடங்கியதைச் சொல்லும் படிவம் 486. சேவை தொடங்கிய நாள், முடிவுக் கடிதம் வந்த நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 120 நாளுக்குள் போட வேண்டும். தாமதித்தால் மானியம் தொடங்கும் நாளையே தள்ளிவைத்துவிடுவார்கள், முந்தைய மாதங்களின் பணம் போய்விடும். ஐந்து நிமிடத்தில் முடிகிற படிவம் என்பதாலேயே இதை மறக்கிறார்கள்.

இதே படிவத்தில்தான் சிபா எனப்படும், 2000-ஆம் ஆண்டின் குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டிருக்கிறோம் என்று உறுதி கொடுக்க வேண்டும். ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டி வேண்டும். எழுத்தில் ஒரு இணையப் பாதுகாப்புக் கொள்கை வேண்டும். மாணவர்களின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும், இணையத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றியும் இணையவழித் துன்புறுத்தல் பற்றியும் பாடம் சொல்வதும் அதில் இருக்க வேண்டும். அந்தக் கொள்கையை முன்னறிவிப்போடு ஒரு பொதுக் கூட்டத்தில் வைத்து நிறைவேற்றியிருக்க வேண்டும். தணிக்கையில் சிக்குவது இந்தக் கடைசி வரியில்தான். கொள்கை இருக்கும், கூட்டம் நடந்ததற்கு ஆதாரம் இருக்காது. கூட்ட அறிவிப்பையும் நடவடிக்கைக் குறிப்பையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். முதன்முறை விண்ணப்பிக்கும் பள்ளி, இதற்கான வேலையைத் தொடங்கிவிட்டோம் என்று முதல் ஆண்டு சொல்லலாம். அடுத்த ஆண்டு முடித்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: பணம் வாங்குவது

இரண்டு வழி. பள்ளி முழுத் தொகையையும் கட்டிவிட்டுப் படிவம் 472 மூலம் திரும்பக் கேட்கலாம்; அதற்கு முன் வங்கி விவரங்களைப் படிவம் 498-இல் பதிந்திருக்க வேண்டும். அல்லது நிறுவனம் உங்களிடம் உங்கள் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியைப் படிவம் 474 மூலம் யுசாக்கிடம் வாங்கிக்கொள்ளலாம். எந்த வழி என்று முடிவு செய்வது பள்ளி. நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது. கையில் பணம் புரளாத பள்ளி என்றால் இரண்டாவது வழியே மேல். 40,000 டாலருக்கு ஸ்விட்ச் வாங்கிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க எல்லோராலும் முடியாது. ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிடுங்கள்.

மாதாந்திரச் சேவைக்குப் பணம் கேட்கக் கடைசி நாள், சேவையின் கடைசி நாளிலிருந்து 120 நாள். 2027 நிதியாண்டு 2028 ஜூன் 30-இல் முடிகிறது என்றால் 2028 அக்டோபர் 28. அதற்குள் கேட்டால் ஒரே ஒரு தடவை மேலும் 120 நாள் நீட்டிப்புக் கிடைக்கும். கருவிகளுக்குக் கொஞ்சம் தாராளம்: நிதியாண்டு தொடங்கும் முன் ஏப்ரல் 1 முதலே பொருத்தலாம், முடிந்தபின் செப்டம்பர் 30 வரை முடிக்கலாம்.

கோப்பு

எல்லா ஆவணங்களையும் சேவை முடிந்த நாளிலிருந்து 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும். தோற்றுப்போன ஏலதாரர்களின் விலைக் கடிதங்களும் இதில் அடக்கம். பலரும் முதலில் தூக்கிப் போடுவது அதைத்தான். நிதியாண்டு வாரியாக ஒரு கோப்புறை, அதற்குள் 470, விலைகள், மதிப்பெண், ஒப்பந்தம், 471, கடிதங்கள், பில்கள், பணம் கட்டிய சான்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய மடிக்கணினியில் மட்டும் வைக்காமல் பள்ளியின் பொது இடத்தில் வையுங்கள். வாங்கிய கருவிகளுக்கும் ஒரு பட்டியல் வேண்டும்: வரிசை எண், எந்த அறை, எப்போது பொருத்தியது. பொருத்தி ஐந்து ஆண்டு ஆகும்வரை அவற்றை விற்க முடியாது. தணிக்கைக்கு வருபவர் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போய், கூரையில் இருக்கும் அக்சஸ் பாயிண்டை எண்ணிப் பார்ப்பார்.